கரைத்தெருவுக்குச் சொன்ன ஏகாதசி

வீரராகவனுக்கு இரண்டு விஷயங்களில் பிடிவாதம் அதிகம். காப்பியில் சிக்கரி கலக்கக் கூடாது என்பது ஒன்று. சாக்கடை என்று இருந்தால் அது ஓட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் பிடிவாதத்தில் அவதிப்பட்டது அவர் மனைவி குமுதவல்லி மட்டும்தான். இரண்டாவது ஊரையே படுத்தி எடுத்தது.

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் வீடு. பாலம் தாண்டித் திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் பூகோள வாத்தியார். வீதிக்குப் பின்னால் கொல்லைகளை ஒட்டி ஒரு சாக்கடை. அது எங்கேயும் போகாது. மணையில் உட்கார்ந்த கல்யாணப் பெண் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். மழை பெய்தால் எழுந்து கிணற்றடி வரைக்கும் வரும். வீதிக்காரர்கள் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ரங்கநாதன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரங்கநாதனுக்குச் சாக்கடை வேலையும் சேர்த்துக் கொடுப்பானேன் என்று வீரராகவன் முனிசிபாலிட்டிக்கு நடந்தார். வருஷக்கணக்கில் நடந்தார். அவர் தலை தெரிந்தாலே குமாஸ்தாக்களுக்கு வெளியே ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

ஒற்றை ஆள் கத்தினால் காது கேட்காது என்று தெரிந்துகொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில் வீதி சுகாதார சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். காரியதரிசியாக குமுதவல்லியின் தம்பி சக்ரபாணியைப் போட்டார். சக்ரபாணி வக்கீல்; சட்டம் தெரிந்தவன் ஒருத்தன் கூட இருந்தால் நல்லது என்று இவரே வீடு தேடிப் போய் அழைத்தார். அதை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சங்கக் கூட்டம் ஏகாதசி தோறும் சாயங்காலம், பாடசாலைக் கூடத்தில். அன்று யார் வீட்டிலும் அடுப்பு மும்முரம் இல்லை, சாப்பாட்டுக்கு நேரமாச்சு என்று எழுந்து ஓட யாருக்கும் காரணம் கிடைக்காது என்பது வீரராகவனின் கணக்கு. பட்டினி வயிற்றோடு ஐயங்கார்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

எப்படியோ, முனிசிபாலிட்டி இறங்கி வந்தது. இன்ஜினீயர் இரண்டு வழி போட்டுக் கொடுத்தார். குறுக்கு வழியில் வாய்க்கால் வெட்டினால் அந்த வருஷமே வேலை முடியும். ஆனால் தண்ணீர் கொள்ளிடத்தை ஒட்டிய கரைத்தெருப் பள்ளத்தில் போய் விழும். சுற்று வழியில் போனால் தென்னந்தோப்புகளைத் தாண்டி ஆளில்லாத மணல் திடலில் விடலாம். அதற்கு இன்னும் நாலைந்து வருஷம் ஆகும். எது வேண்டும் என்று சங்கமே கூடித் தீர்மானம் போட்டு அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

கரைத்தெருவில் வாழைத்தோட்டத்து ஜனங்கள், துணி வெளுப்பவர்கள், பரிசல்காரர்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே கிணறு. அது அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. சித்திரை வீதி வீடுகளுக்கு வாழை இலைக் கட்டு கொண்டுவரும் வேலம்மாள் அந்தத் தெருக்காரி. விஷயம் கேள்விப்பட்டு வாத்தியாரை வழிமறித்தாள்.

"அந்தக் கெணத்துல சாக்கடை எறங்கிச்சுன்னா நாங்க எங்க சாமி போறது?"

"இறங்காது. நான் இருக்கேன். உங்க தெருவையும் சங்கத்துல சேர்த்துடறேன். எல்லாரும் வந்து கையைத் தூக்குங்கோ, போதும்."

சொன்னபடி சேர்த்தார். வீதியில் முணுமுணுப்பு எழுந்தது. பாடசாலைக் கூடத்தில் அவர்கள் வாசலை ஒட்டி நின்றார்கள்; பெஞ்சில் உட்காரச் சொல்ல வீரராகவனுக்கும் தைரியம் போதவில்லை. ஆனால் கை தூக்கினால் அதுவும் ஒரு கைதான் என்று எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்தார். எண்ணிப் பார்த்தால் சுற்று வழிக்கே ஜெயம்.

தீர்மானக் கூட்டத்துக்கு அவரே நோட்டீஸ் எழுதினார். 'வரும் ஏகாதசியன்று' என்று எழுதினார். தேதி போடவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக்குத் தேதி போடுவார்களா? கரைத்தெருவுக்கு மட்டும் நேரில் போய், செவ்வாய்க்கிழமை என்று கிழமை சொல்லிவிட்டு வந்தார்.

அந்த மாதம் ஏகாதசி இரண்டு நாளாக வந்தது. விடியற்காலையில் தசமி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஸ்ரீவைஷ்ணவர்கள் அன்று உபவாசம் இருக்க மாட்டார்கள். மறுநாள்தான் அவர்களுக்கு ஏகாதசி. மற்றவர்களுக்கு முதல் நாளே. பஞ்சாங்கத்தில் திங்கட்கிழமை ஏகாதசி என்று இருந்தது. ஸ்ரீரங்கத்துக்குச் செவ்வாய்.

செவ்வாய் சாயங்காலம் கரைத்தெரு ஜனங்கள் அரை நாள் வேலையை விட்டுவிட்டு, குளித்து, வெளுத்த துணி உடுத்தி வந்தார்கள். பரிசல்கார சேக் மைதீன் தலைப்பாகை கட்டியிருந்தார். கோயிலுக்குப் போகிறவள் போல வேலம்மாள் பூ வைத்திருந்தாள். வீரராகவன் முன்னால் நடந்தார். பாடசாலை பூட்டிக் கிடந்தது.

"கூட்டம் நேத்தே முடிஞ்சுதுங்களே, சாமி" என்றான் காவல்காரன். "குறுக்கு வழின்னு தீர்மானமாயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

வீரராகவன் பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்க்காமல் சக்ரபாணி வீட்டுக்கு ஓடினார்.

சக்ரபாணி ஊஞ்சலில் படுத்திருந்தான். "கோச்சுக்காதேள் அத்திம்பேர். ஏகாதசின்னு நீங்கதானே எழுதினேள்? பஞ்சாங்கத்துல நேத்திக்குத்தான் ஏகாதசி. சட்டப்படி ஒரு பிசகும் இல்லே."

"நீ நேத்திக்கு உபவாசம் இருந்தியோடா?"

"அது வேற, இது வேற. இன்னிக்குப் பூரா உபவாசம், பேசக்கூடத் தெம்பில்லே. நாளைக்கு வாங்கோ."

நேற்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏகாதசிக் கூட்டம் நடத்தியவன்! அவனை மட்டும் சொல்லி என்ன? வீதியில் ஒவ்வொரு வீடாக வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அத்தனை பேரும் போய்க் கை தூக்கியிருந்தார்கள். எவன் கிணற்றடிக்காக வீரராகவன் செருப்புத் தேய நடந்தாரோ, அவன் உட்பட.

வீட்டுக்கு வந்தார். குமுதவல்லி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி பண்ணின காரியம் தெரியுமோ?"

அவள் தீக்குச்சியை அணைத்தாள். "தெரியும். சக்கு முன்னாடியே வந்து சொல்லிட்டான்."

"முன்னாடின்னா?"

"ஞாயித்துக்கிழமை."

திங்கட்கிழமை காலையில் அவருக்குச் சாதம் பரிமாறியவள் அவள்தான். ஸ்கூல் விட்டு நேரே மன்னார்புரத்துக்கு டியூஷனுக்குப் போவேளோ என்று கேட்டு வழியனுப்பியவளும் அவள்தான்.

"ஏண்டி என்கிட்ட சொல்லலே?"

"சொன்னா அவாளைக் கூட்டிண்டு வந்திருப்பேள். இன்னும் நாலு வருஷம் யார் இந்த நாத்தத்துல கிடக்கறது? நீங்க காத்தால போனா ராத்திரி வரேள். கொல்லைல புழுவை மிதிச்சிண்டு தண்ணி இறைக்கறது நான்தானே? ஒரு நாளாவது என்னைக் கேட்டேளா, உனக்கு எந்த வழி வேணும்னு?"

அதில் பொய்யே இல்லை. அதுதான் அவரை அப்படியே உட்கார வைத்தது. உலகத்து ஆறுகள் எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு, தன் வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் போயிற்று.

சங்கத்தை விட்டு விலகினார். மனுப் போட்டார், சங்கமே கேட்டதுதானே என்று பதில் வந்தது. அவர் ஆரம்பித்த சங்கம், அவர் எழுதிய நோட்டீஸ். வாய்க்கால் வெட்டினார்கள். கொல்லைகள் காய்ந்தன. குமுதவல்லி அங்கே ஒரு பவழமல்லி வைத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் கரைத்தெருக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. பெண்கள் கொள்ளிட மணலில் நெடுந்தூரம் நடந்து ஊற்றுத் தோண்டினார்கள்.

கலெக்டரிடம் போகலாம் என்று அவர் கரைத்தெருவுக்குப் போனார். இந்தத் தடவை சங்கம் கிங்கம் வேண்டாம், நீங்களும் நானும் மட்டும் போவோம் என்றார். வேலம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"சாமி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. மொத நாளே கூட்டம்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"ரங்கநாதன் சத்தியமா தெரியாது."

"வீதி பூரா தெரிஞ்சிருக்கு. உங்க வீட்டுல ஒருத்தர்கூடவா உங்ககிட்ட சொல்லலை?"

குமுதவல்லிக்குத் தெரியும், மறைத்துவிட்டாள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்; அவர் பெயர் மிஞ்சும். ஆனால் பெண்டாட்டி பெயரைக் கரைத்தெருவில் போட்டுவிட்டு வர வேண்டும். வீரராகவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "சரிங்க சாமி. அதைத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.