மூன்று நாள் லாரி ஜாக்கி தாங்கிய தொட்டி

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தவறி விழுந்ததில் என் வலது முழங்கால் பிசகிவிட்டது. அப்போது நான் எம்.ரெட்டியபட்டியில் ஆசிரியை; அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் போய் வருவேன். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் இனிமேல் குத்தவைத்து உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பாத்திரம் விளக்குவது கொல்லையில், துவைகல்லுக்குப் பக்கத்தில், குத்தவைத்துத்தான். ஒரு மாதம் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு விளக்கினேன். எழுந்திருக்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்தபடி கர்த்தரைக் கூப்பிடுவேன்.

என் கணவர் டவுனில் ஒரு நூல் கடையில் வேலை பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் அதுவரை ஒரு டம்ளரைக்கூட விளக்கியவரில்லை. என் அவதியைப் பார்க்க முடியாமல், ஒரு நாள் மதுரைக்குப் போய் எவர்சில்வர் சிங்க் ஒன்றை வாங்கி, வழியெல்லாம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

அரையாண்டு விடுமுறை தொடங்கியதும் கொத்தனாரை வரச்சொன்னோம். எங்கள் அடுப்பு மேடை கடப்பாக்கல். அதில் ஓட்டை போட்டு சிங்கை மேலே உட்கார வைத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்றார் அவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னோடு டீச்சர் டிரெயினிங் படித்தவளுடைய மதுரை வீட்டில் சிங்க் தொட்டி கல்லுக்குக் கீழே இருந்தது. மேலே விளிம்பே தெரியாது. மேடையில் சிந்திய தண்ணீரைத் துணியால் ஒரே இழுப்பில் தொட்டிக்குள் தள்ளிவிடலாம். அதைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு அந்த ஆசை.

"கல்லுக்குக் கீழ தொங்கவிட்டா எது டீச்சர் அதத் தாங்கும்?"

"அத நீங்கதான சொல்லணும்?"

கொத்தனார் சிரித்துவிட்டார். செங்கல் துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் படம் போட்டார். இரண்டு பக்கமும் சின்னச் சுவர். அவற்றில் பதித்த இரும்புக் கம்பிகளின் மேல் தொட்டி. தொட்டியின் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே வெள்ளை சிமெண்ட். "எல்லாம் இறுகுற வரைக்கும் அடியில இருந்து நெருக்கிப் பிடிச்சிருக்கணும். அதுதான் கஷ்டம்."

மறுநாள் கல்லை அறுத்தார்கள். அரிசிப் பானையில் தொடங்கி என் புருவம் வரை கருந்தூசி. பக்கச் சுவர்களை எழுப்பிய பிறகு, தொட்டியைத் தூக்கி வைத்து, அடியில் செங்கலும் பலகையும் கொடுத்துப் பார்த்தார்கள். விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி நின்றது. அரிசி டின்னைக் கவிழ்த்து வைத்தார்கள், அதுவும் எட்டவில்லை. கடைசியில் என் கணவரே மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் தொட்டியைத் தாங்கினார்.

"எம்புட்டு நேரம்ப்பா பிடிக்கணும்?"

"மூணு நாளு சார்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வெடித்துச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு லாரி டிரைவர். காலையில்தான் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். "அண்ணே, மொதல்ல வெளிய வாங்க. லோடு லாரியவே தூக்குற சாமான் ஏங்கிட்ட இருக்கு."

கிரீஸ் வழியும் ஜாக்கியோடு அவர் வந்தார். பின்னாலேயே அவர் மனைவி சாக்கோடு ஓடிவந்தார். "டீச்சர் வீட்டுத் தரைய நாசம் பண்ணிராதீக!"

சாக்கை விரித்து, ஜாக்கியை நிறுத்தி, அதன் தலையில் பலகையை வைத்தார்கள். டிரைவர் மெல்லக் கைப்பிடியைச் சுற்ற, தொட்டி மேலே ஏறியது. கொத்தனார் கண்ணை விளிம்பிலேயே வைத்திருந்தார். "இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்..." விளிம்பில் தடவியிருந்த வெள்ளை சிமெண்ட் நூல்போலப் பிதுங்கியது. "போதும்!"

பழக்க தோஷம், டிரைவர் இன்னும் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டார். கல் 'டக்' என்றது. கொத்தனார் கல் முழுவதும் விரலால் தடவிப் பார்த்தார்.

"உடையல. லேசா எந்திரிச்சிருக்கு, அம்புட்டுதான். எறக்குங்க, எறக்குங்க."

அந்த அரைச் சுற்றை இறக்கியதும் கல் பழைய இடத்தில் உட்கார்ந்தது. பிறகுதான் கொத்தனார் கம்பிகளைச் செருகிச் சுவரைப் பூசினார். மறுநாள் விடியற்காலையில் டிரைவருக்கு லோடு இருந்தது. ஜாக்கி இல்லாமல் எப்படிப் போவார் என்று நான் கவலைப்பட்டேன். "லாரி ஸ்டாண்டுல யார்ட்டயாச்சும் வாங்கிக்கிறேன் டீச்சர். இது இங்கனயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாளும் முற்றத்தில்தான் சமையல். நடுவில் கிறிஸ்துமஸ் வேறு வந்தது. வந்த சொந்தக்காரர்கள் நாங்கள் கட்டியிருந்த இயேசு பிறப்புக் குடிலைப் பார்த்ததைவிட ஜாக்கியைத்தான் அதிகம் குனிந்து பார்த்தார்கள்.

நான்காம் நாள் டிரைவர் திரும்பி வந்து ஜாக்கியைத் தளர்த்தினார். தொட்டி அசையவில்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். கொத்தனார் அடியில் கைவிட்டுத் துழாவிவிட்டு, ஈரமில்லாத விரல்களை எங்களிடம் காட்டினார். நான் அடைப்பை எடுத்தேன். கொடகொடவென்று தண்ணீர் இறங்கியது. குழாய் முடியும் கொல்லை வாழையடியில் காத்து நின்ற டிரைவர் மனைவி, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தினார்.

பிறகு உள்ளே வந்து கூச்சத்தோடு கேட்டார்: "நா ஒரு தடவ நின்னுக்கிட்டு வெளக்கிப் பாக்கட்டா டீச்சர்?" எல்லோரும் காப்பி குடித்த டம்ளர்களை அவரே விளக்கினார். சுத்தமாக இருந்த இரண்டையும் விடவில்லை.

அன்று சாப்பாடு முடிந்ததும் என் கணவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். எதற்கென்று கேட்டேன்.

"லீக் ஆகுதான்னு பாக்கணும்ல?"

ஜன்னலைச் சாத்திக்கொண்டு விளக்கினார். மறுநாளும் லீக் பார்த்தார். அதற்கடுத்த நாள் குழம்புச் சட்டியையும் சேர்த்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவருக்குக் காரணமும் தேவைப்படவில்லை, சாத்திய ஜன்னலும் தேவைப்படவில்லை. முழங்கை வரை நுரையோடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடிய பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டே நிற்பார். நான் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்குவேன்.