என் கல்யாணத்தன்று தம்பியை ஒளித்து வைத்தோம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, வணக்கம். தம்பி நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. சென்ற ஆண்டு உங்களுக்கு வந்த காரியப் பத்திரிகையில் ‘மாரடைப்பால்’ என்று அச்சிட்டிருந்தோம். அது பொய். தம்பி மனச்சோர்வு நோயில் தவித்து, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

பொன்னேரிக்கு அருகே எங்கள் ஊரில், நெல் அறுவடை நேரத்தில் பிறந்தவன் தம்பி. ஐ.டி.ஐ. முடித்து கும்மிடிப்பூண்டியில் ஃபிட்டர் வேலையில் சேர்ந்தான். புதுவாயலில் கம்பெனி பஸ் ஏறியதும் அவனுடைய அரட்டை ஆரம்பித்துவிடுமாம். இருபத்து மூன்று வயதில் அந்தப் பேச்சு நின்றது. குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. “சோம்பேறி” என்றார் அப்பா. கூட வேலை செய்த நண்பர் ஒருவர்தான் அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு மறுபடி வேலைக்குப் போனான். என் சமையலைக் கேலி செய்தான். தேறிவிட்டான் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: “மாத்திரை துன்றான்னு மாப்ள ஊட்ல தெரிஞ்சா இன்னா ஆவறது? பைத்தியம்னு பேர் கட்டிடுவாங்க. கல்யாணம் முடியறவரிக்கும் என் ஊட்லயே இருக்கட்டும்.” அப்பா தலையாட்டினார். தம்பியைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினோம். கூடவே மாத்திரைகளை அனுப்பவில்லை, பெரியப்பாவின் மருமகள் பார்த்துவிடுவாளாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தம்பி போன் செய்தான். “அக்கா, பொரி போட நான் வரவாணாமா?”

எங்கள் பக்கத்தில் ஓமத்துக்கு முன் பெண்ணின் கையில் பொரி போடுவது கூடப் பிறந்தவன்தான். அந்த உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நான் சொன்னேன், “கூட்டமா இருக்கும்டா. நீ ரெஸ்ட் எடு.”

“சரிக்கா” என்றான்.

மறுநாள் பெரியப்பா மகன் பொரி போட்டான். தம்பி எங்கே என்று கேட்டவர்களிடம், கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். வீடு திரும்பிய தம்பி அதற்குப் பிறகு மாத்திரையைத் தொடவே இல்லை. “நான் பைத்தியம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் மாத்திரை எதுக்கு?” என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறான். அம்மா அதை என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான்.

இப்படிப்பட்ட சாவுக்கு ஒரே ஒரு காரணம் இருக்காது என்று மருத்துவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அவன் நம்பியது எங்களைத்தான், கைவிட்டதும் நாங்கள்தான்.

காரியத்துக்கு வந்திருந்த என் மாமியாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? என் தம்பியும் பத்து வருசமா அந்த மாத்திரைதான் சாப்ட்டுக்கினு கீறாரு. பேரன் எடுத்துட்டாரு” என்றார். நாங்கள் யாருக்குப் பயந்தோமோ, அவர்கள் வீட்டில் அது ஒரு சாதாரண மாத்திரை.

தம்பியை மருத்துவமனைக்கு அழைத்துப் போன நண்பருக்கும், அவன் வேலைக்கு வராத நாளெல்லாம் வீடு தேடி வந்த அவருடைய மனைவிக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பேச்சை நிறுத்தினால், தயவுசெய்து அவர்களைப் போல நடந்துகொள்ளுங்கள். எங்களைப் போல வேண்டாம்.

அச்சுக்குப் போகும் முன் இதை வீட்டில் படித்துக் காட்டினேன். “இதப் போடாத. ஊட்ல கல்யாணத்துக்குப் பொண்ணுங்க கீது” என்று பெரியப்பா எழுந்துவிட்டார். அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கித் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஒளிச்சி வெச்சோம்னு எழுதிக்கீறியே, யாருன்னு எழுதலியே? பெத்த அப்பன் ஒளிச்சி வெச்சான்னு போடும்மா.”

போட்டுவிட்டேன், அப்பா.

— அக்கா