இளவரசனின் அக்கா வீடு

காதல் தோற்றுச் சாகிற பிரம்மாண்டமான இந்திப் படங்கள் என்றால் எனக்கு உயிர். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. இன்னமும் கண்ணாடி மண்டபத்தில் ஒருத்தி இருபது முழத் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு ஓடினால் போதும், நான் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவேன். என் மனைவி ஒரு துண்டை எடுத்து மடியில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். இந்த வியாதி எனக்கு எட்டு வயதில், ஜவ்வாது மலையில் வந்தது. வந்த வேகத்தில் என் அத்தையின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவளைக் காவலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கொடுப்பதாகத் தாத்தா வாக்குக் கொடுத்திருந்தார். அத்தையின் மனசு வேறு எங்கோ இருக்கிறது என்பது ஊரில் ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குப் படம் காட்டுவதென்று முடிவாயிற்று. மலைக்குக் கீழே சந்தவாசலிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவரும் பொறுப்பு, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து புளி ஏற்றிப் போகும் ஜீப்காரருடையது. சண்டைப் படம் கொண்டு வா என்று சொல்லி அனுப்பினால், மனுஷன் இந்திப் படத்தோடு வந்து நின்றார். எல்லா ஊரிலும் திருவிழா, கடையில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான் என்றார். பெரியவர்கள் கத்தினார்கள். தான் இரண்டு வருஷம் பம்பாயில் இருந்தவன், வரிக்கு வரி தமிழில் சொல்லிவிடுகிறேன் என்று அவர் சமாதானம் செய்தார்.

பள்ளிக்கூடத்து ஜன்னல்களைக் கோணிப்பையால் மூடி, மத்தியானத்திலேயே இருட்டு உண்டாக்கினோம். டிவிக்குப் பக்கத்தில் ஜீப்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

என்ன படம் அது! ஏரிக்கு நடுவே ஓர் அரண்மனை. சுவரெல்லாம் கண்ணாடி, கண்ணாடியெல்லாம் விளக்கு. இளவரசி மாடிப்படியில் இறங்கி வருவதற்கு ஒரு முழுப் பாட்டு ஆனது. அதற்குள் எங்கள் ஊரில் ஒரு பசுவைக் கறந்து முடித்துவிடலாம். அவள் அழுதால் கண்ணீர்கூடப் பொட்டுப் பொட்டாக, நகை மாதிரி விழுந்தது. இத்தனை விளக்கையும் தினமும் யார் துடைப்பது என்று ஒரு பெண் கவலைப்பட்டாள். எனக்கு அந்த மாதிரிக் கவலை எதுவும் இல்லை. வாயைத் திறந்தவன் மூடவே இல்லை. அதில் ஈ போனதாகப் பின்னால் சொன்னார்கள், இருக்கலாம்.

பக்கத்து நாட்டு இளவரசனுக்கு இவளைக் கொடுக்க மாட்டேன் என்று ராஜா பிடிவாதம் பிடிக்கிறார். இங்கேதான் எங்கள் ஜனங்களுக்குக் கதை பிடிபடாமல் போயிற்று. காரணம், எங்கள் மலையில் இதற்கெல்லாம் அப்போதே ஒரு வழி இருந்தது. பெண்ணும் பையனும் கிளம்பிப் போய் ஒரு சொந்தக்கார வீட்டில் இருந்துகொள்வார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் தேடுவார்கள். மூன்று நாள் கண்ணில் படவில்லை என்றால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பையன் வீட்டை ஓர் ஆடு வெட்டச் சொல்லி, கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். அதற்குள் அகப்பட்டுவிட்டால் பெண்ணைத் திருப்பிக் கூட்டி வந்துவிட வேண்டும். அப்புறம் பெற்றவர்கள் சொன்ன இடம்தான். இதையெல்லாம் எட்டு வயதுப் பையனிடம் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

"எதுக்குய்யா இப்பிடி அழுவுறாங்க? ரெண்டு பேரும் எங்கனா போய் இருந்தா இன்னா?" என்று பெரியப்பா, அப்பாவின் அண்ணன், இருட்டுக்குள்ளிருந்து கேட்டார்.

திரையில் இளவரசி தூணில் சாய்ந்து நின்றாள். இளவரசன் அவளையே பார்த்தான். ஜீப்காரர் ஸ்டூலில் கொஞ்சம் திரும்பி, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து மொழிபெயர்த்தார்.

"அதத்தான் சொல்றாரு. நாளன்னிக்கு விடியக்காலைல, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போற மாதிரி கெளம்பி வந்துடு. எங்க அக்கா வூட்ல இருக்கலாம். ஓடையத் தாண்டினதும் வலது கைப் பக்கம். வாசல்ல பலாமரம் இருக்கும்."

கூடத்தில் ஒரு சத்தமில்லை. அப்பா மட்டும் இருமினார். எனக்கு இளவரசியின் மேல் மரியாதை கூடியது. அவ்வளவு பெரிய அரண்மனையில் பிறந்தவள், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறாளே!

ஆனால் அவள் போகவில்லை. கடைசியில் ஒரு படகு நிறைய விளக்கேற்றிக்கொண்டு ஏரி நடுவே போனாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. படகு திரும்பி வரவில்லை. நான் அழுத அழுகையில் அடுத்த நாள் சாமி ஊர்வலம் பார்க்கவில்லை.

அதற்கும் அடுத்த நாள் விடிகாலை, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன அத்தை திரும்பவில்லை. மாடுகள் தாமாக வீடு வந்து சேர்ந்தன. எல்லோரும் தாத்தாவின் முகத்தைப் பார்த்தார்கள். நான் தொழுவத்தைப் பார்த்தேன். மாடத்தில் இருந்த விளக்கைக் காணோம்.

விளக்கு. தண்ணீர். எனக்கு வயிறு கலங்கிவிட்டது, சொன்னால் வெட்கம், நிஜமாகவே கலங்கிவிட்டது. அந்தக் காரியத்தை முடித்துக்கொண்டு ஓடைக்கு ஓடினேன். அந்த மாதத்தில் எங்கள் ஓடையில் கணுக்கால்கூட நனையாது, ஒரு தவளை மூழ்குவதே சிரமம். ஆனாலும் கரையில் நின்று பத்து நிமிஷம் படகைத் தேடினேன். (மாடத்து விளக்கு மறுநாள் வைக்கோலுக்கு அடியில் கிடைத்தது. அதைப் படகாக்கி முன்தினம் விளையாடியவன் நான்தான். அது எனக்கு மறந்துபோயிருந்தது.)

தாத்தா வாசலில் நின்று மகன்கள் இருவரையும் விரட்டினார். தங்கை இல்லாமல் திரும்பாதீர்கள் என்றார். அப்பாவும் பெரியப்பாவும் கிளம்பினார்கள், ஓடைக்கு நேர் எதிர்த் திசையில். நானும் தொற்றிக்கொண்டேன்.

அப்படி ஒரு தேடலை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பெரியப்பா புளியமரங்களை அண்ணாந்து பார்த்தார். முயல்கூட நுழைய முடியாத ஒரு பாறை இடுக்கில் குனிந்து, "இங்க இல்ல" என்றார். அப்பாவுக்குக் காலில் முள் குத்தியது, உட்கார்ந்து எடுத்தார், மறு காலிலும் குத்தியது. இருவரும் ஆளுக்கு ஒரு பீடி பற்றவைத்தார்கள். அங்கே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கின்றன, இங்கே இவர்கள் பீடி பற்றவைக்கிறார்கள்! காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற பெரிய கண்ணாடி இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கீழே திருப்பி அத்தையைத் தேடச் சொல்லலாம் என்று நான் அழுதேன். நல்ல யோசனை, நாளைக்குப் போய்க் கேட்கலாம் என்றார் பெரியப்பா.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இளவரசி அந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாள். அத்தையும் படம் பார்த்தவள்தானே? புத்தி இருந்தால் அப்படி ஒரு வீட்டுக்குத்தான் போயிருப்பாள். ஓடையைத் தாண்டி, வலது கைப் பக்கம், பலாமரம். "எனக்குத் தெரியும்" என்று கத்திவிட்டு ஓடினேன். அப்பாவும் பெரியப்பாவும் பின்னால் ஓடிவந்தார்கள். அன்று முழுக்க அவர்கள் ஓடியது அந்த ஒரு முறைதான்.

பலாமரம் இருந்தது. அடியிலிருந்து நுனிவரை காய்த்துத் தொங்கியது. திறந்த கதவுக்கு முன்னால் முறமும் கையுமாக அத்தை நின்றாள். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். முறத்திலிருந்து சாமை கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. இளவரசி அழுதது ஓர் அழகு; அத்தையின் முகத்தில் இருந்தது அழகில்லை, பயம்.

"அத்த!" என்றேன். அப்பாவின் துண்டு என் வாயை மூடியது.

"பலாமரம் எங்கடா கீது? இது மாமரம்" என்றார் அப்பா.

"வூட்ல யாரும் இல்ல போல. கதவு சாத்திக் கீது" என்றார் பெரியப்பா.

"ஆமா. பூட்டு தொங்குது."

அப்பா திரும்பி நடக்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு, அத்தைக்குக் கேட்கும் குரலில், "யாருனா இருந்தா, வேளைக்கு சாப்ட்டு இருக்கட்டும்" என்றார். அதற்கப்புறம்தான் நடந்தார்.

துக்கத்தில் அழுது அழுது ராஜாவுக்குக் கண் போவதைப் படத்தில் பார்த்திருந்தேன். இங்கே ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் போய்விட்டது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கல் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி நடத்திக் கூட்டிவந்தேன். அவரும் நான் சொன்ன இடத்திலெல்லாம் காலைத் தூக்கி வைத்து வந்தார்.

வாசலில் தாத்தா காத்திருந்தார். மகன்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, எங்கும் இல்லை என்றார்கள். தாத்தா அவர்களை நம்பியதாகத் தெரியவில்லை. என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"நீ சொல்றா. பாத்தியா?"

பெரியப்பாவுக்கு வியர்த்தது. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பாவம், எப்படிப் பார்ப்பார்? எனக்குத் துக்கம் பொங்கிவிட்டது. அத்தை போனதைவிடப் பெரிய செய்தி என்னிடம் இருந்தது.

"தாத்தா, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கண்ணு போய்டுச்சு தாத்தா" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாமரம் என்று சொன்னதையும், பூட்டு என்று சொன்னதையும் தேம்பிக்கொண்டே ஒப்பித்தேன்.

தாத்தா வெகுநேரம் ஓடைப் பக்கம் பார்த்தார். பிறகு என் மூக்கைத் தன் வேட்டி நுனியால் துடைத்துவிட்டார்.

"கண்ணு தெரியலன்னா இன்னா பண்றது" என்றார். "மூணு நாள்ல சரியாப் பூடும்."

சரியாகவே போயிற்று. நான்காம் நாள் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். தாத்தா கத்த வேண்டியதைக் கத்திவிட்டு, காவலூருக்குத் தானே போய் வாக்கு தவறியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஜீப்காரர் வீட்டு ஆட்டுக்கறி விருந்தில் அப்பா எலும்பைச் சரியாகப் பொறுக்கிக் கடித்ததைப் பார்த்து, தாத்தா பெரிய வைத்தியர் என்று நான் முடிவு செய்தேன்.

அந்தப் படத்தை அப்புறம் நான் எங்கும் பார்க்கவில்லை. போன மாதம்தான் என் மகள் எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினாள், கீழே தமிழ் எழுத்து ஓட. மடியில் துண்டோடு உட்கார்ந்தேன். அதே ஏரி, அதே கண்ணாடி, அதே மாடிப்படி. இளவரசி தூணில் சாய்ந்தாள். இளவரசன் அவளையே பார்த்தான். பலாமரத்துக்காகக் காத்திருந்தேன். கீழே எழுத்தே வரவில்லை. மகளிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். ஒரு தரம் பின்னால் தள்ளிப் போடச் சொன்னேன்.

அந்த இடத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பள்ளிக்கூடத்து இருட்டில் அத்தனை பேர் இருந்தோம். அப்பா இருமியது இப்போதும் காதில் கேட்கிறது.