கிரீடம் போட்ட இரண்டு காகிதங்கள்

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அடுப்பில் போட்டது என்ன காகிதம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் கழித்து நடிக்க மாட்டேன்.

சிங்கப்பூர் தேக்காவில் மாட்டுக்கொட்டகைகள் இருந்த காலம் அது. அப்பா ஏழு பசு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றினார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டேன். தங்கை படித்தாள். எனக்கு இரண்டு வயது இளையவள். பசு கன்று போடும்போது என்னால் அந்தப் பக்கம் நிற்க முடியாது. அவளோ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்துவிடுவாள். டாக்டராக வேண்டும் என்பாள். "மாட்டுக்கா, மனுசனுக்கா?" என்று அப்பா கேட்பார்.

சண்டை இந்தப் பக்கம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பக்கத்து வீட்டில் கவர்மெண்ட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் வாசித்துச் சொன்னார். "உங்கட பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு. சீனியர் பரீட்சை முடியும் மட்டும் பள்ளிச் சம்பளம், புத்தகம் எல்லாம் கவர்மெண்ட் குடுக்கும். நல்லாப் பாஸ் பண்ணினா டாக்டர் படிப்புக்கும் குடுக்குமாம்."

அப்பா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மஞ்சள் துணியில் சுற்றி முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார். அங்கே ஏற்கெனவே பால் வியாபார லைசென்ஸ் இருந்தது. இரண்டு காகிதத்தின் தலையிலும் ஒரே மாதிரி கிரீடம் அச்சடித்திருந்தது.

அப்புறம் ஜப்பான்காரன் வந்துவிட்டான். குண்டு நின்ற மறுநாள் எங்கள் சந்து முழுக்கப் புகை. வீட்டுக்கு வீடு எதையோ எரித்துக்கொண்டிருந்தார்கள். கிராணி வேலி ஓரம் வந்து, "ராஜாவின்ர படம், கொடி, கவர்மெண்ட் கடுதாசி ஒண்டும் வீட்டில வச்சிருக்காதேங்கோ. கண்டானெண்டா வெட்டிப் போடுவான்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அப்பா கொட்டகையில் இருந்தார். நான் மஞ்சள் துணியை அவிழ்த்தேன். தங்கை கடிதத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வேணாம்க்கா. வைக்கப்போருக்குள்ள சொருகி வச்சுடலாம்."

"வைக்கப்போரத்தான் அவன் மொதல்ல கெளறுவான். விடுடி."

"நான் வச்சுக்கிறேன். மாட்டிக்கிட்டா என்னைய வெட்டட்டும்."

"ஆமா, இவ பெரிய வீராங்கன! உசுரே போனா படிப்ப வச்சு நாக்கு வழிக்கவா?"

பிடுங்கி அடுப்பில் போட்டேன். நல்ல தடிமனான காகிதம், லேசில் பிடிக்கவில்லை. ஊதுகுழலால் ஊதித்தான் எரியவிட்டேன். அடுத்து லைசென்ஸைக் கையில் எடுத்தேன். அதே கிரீடம். ஆனால் அது இல்லாவிட்டால் பால் ஊற்ற முடியாது, பால் ஊற்றாவிட்டால் உலை வைக்க முடியாது. அதைத் திரும்பத் துணியில் சுற்றித் தவிட்டு டின்னுக்குள்ளே அடியில் புதைத்தேன். டின்னில் இடம் இருந்தது. இன்னொரு காகிதத்துக்கு மட்டுமா, இன்னும் பத்துக் காகிதத்துக்கு இருந்தது.

அப்பா வந்ததும் வெறும் படத்தைப் பார்த்து, "பாப்பா கடுதாசி எங்க?" என்றார். அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "சிப்பாய் ஒருத்தன் உள்ள வந்தாம்ப்பா. கிழிச்சு அடுப்புல போட்டுட்டுப் போயிட்டான்."

தங்கை என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல், குனிந்து அடுப்புச் சாம்பலைக் கிளறிவிட்டாள்.

அப்பா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். சிப்பாய் நுழைந்த வீட்டில் இரண்டு குமரிகளும் சேதமில்லாமல் தப்பித்தார்களே என்று காளி கோயிலுக்கு ஓடினார். நேர்ந்துகொண்டு மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த மொட்டைத் தலையோடு சந்து முழுக்க இந்தக் கதையைச் சொன்னார். நான் சொன்னது ஒரு வரி. அவர் சொல்லச் சொல்ல அந்தச் சிப்பாய்க்கு மீசையும் கத்தியும் முளைத்துவிட்டன.

மூன்றாவது மாதம் ஜப்பான் அதிகாரி ஒருவர் மாடுகளைக் கணக்கெடுக்க வந்தார். பழைய லைசென்ஸைக் காட்டு என்றார். டின்னுக்குள் கையை விட்டு எடுத்து, தவிட்டைத் தட்டிக் கொடுத்தேன். கிரீடத்தைப் பார்த்தார். இதோ கத்தியை உருவப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து முத்திரைக் கட்டையை எடுத்து, கிரீடத்தின் மேலேயே சிவப்பாக ஒரு குத்துக் குத்திவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போனார். அவ்வளவுதான். தங்கை அந்தக் காகிதத்தை வாங்கி, மை காயும்வரை வாயால் ஊதிக்கொண்டு நின்றாள். அதற்கு நாலு வசவு வைதிருக்கலாம் அவள்.

அந்த ஆட்சி முடிகிறவரை வேறு யாரும் எங்கள் வீட்டைச் சோதனை போடவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, சாக்குப் பையைத் தைத்து உடுத்திக்கொண்டு காலம் ஓடியது. தங்கை ஜப்பான் பள்ளிக்கூடத்தில் காலையில் பாட்டுப் பாடிவிட்டு வந்து, மத்தியானம் பழைய பாடப்புத்தகத்துக் கணக்குகளைக் கரித்துண்டால் கொட்டகைச் சுவரில் போடுவாள். "வெள்ளக்காரன் திரும்பி வருவான், பாரேன்" என்பாள். கிராணி இரண்டாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டார்.

வெள்ளைக்காரன் வந்தான். அப்பாவும் தங்கையும் கல்வி ஆபீஸுக்குப் போனார்கள். அங்கே இருந்த பதிவேடெல்லாம் குண்டில் போய்விட்டதாம். கடிதம் வைத்திருந்தவர்களுக்குத் திரும்ப இடம் கொடுத்தார்கள். கடிதம் இல்லையென்றால், அது அழிந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் கோர்ட்டில் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். படிக்கிற பெண்ணின் வாய்ச்சொல் மட்டும் செல்லாது. மாதக் கடைசி வரைக்கும் தவணை. "பெரிய மக பாத்தாய்யா" என்று அப்பா சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அன்று சாயங்காலம் தங்கை கொட்டகையில் என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீ நடந்தத நடந்தபடி சொன்னாப் போதும். எரிச்சேன்னு சொல்லு. அந்தக் காயிதம் இருந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும் அவங்களுக்கு."

"அப்பா கூட வருவாரேடி."

"வரட்டுமே. ரெண்டு நாள் பேச மாட்டாரு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். எனக்கு மட்டும் அது மலையாகத் தெரிந்தது. பொய்ச் சத்தியம் செய்தால் காளி விடமாட்டாள். உண்மையைச் சொன்னால் அப்பா போட்ட மொட்டை என்ன ஆவது? சந்து என்ன பேசும்? எனக்கு அப்போது தஞ்சோங் பகாரில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. "நிச்சயமான பொண்ணு கோர்ட்டு வாசப்படி மிதிச்சா நல்லாவா இருக்கும்?" என்று அப்பாவிடம் சாக்குச் சொன்னேன். அவருக்கும் அது சரியாகப் பட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று நான் இழுத்ததில் மாதம் முடிந்துபோயிற்று.

என் கல்யாணத்துக்கு அவள்தான் உட்கார்ந்து மாலை கட்டினாள். பிறகு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டராக நடக்க வேண்டிய வார்டில் முப்பது வருஷம் நோயாளிகளின் பீங்கான் மலச்சட்டி தூக்கினாள். அப்பா சாகும்வரை அந்தச் சிப்பாயைச் சபித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பாவி, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

என் பேத்திக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தபோது பூன் லேயில் இருந்த எங்கள் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். தங்கையும் வந்திருந்தாள். கடிதம் கை மாறிக் கை மாறி அவளிடம் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தாள். என் மருமகள், "அத்தைகிட்டயும் காட்டுங்க சின்னத்தை" என்றாள்.

நான் கையை நீட்டினேன். தங்கை கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவ கையில மட்டும் குடுத்துடாதீங்க லா" என்றாள் சிரித்துக்கொண்டே. "அக்காவுக்கு அடுப்பு ரொம்பக் கிட்ட."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கடிதத்தை மடித்துப் பேத்தியிடமே கொடுத்து, பையில் வைக்கச் சொன்னாள். நீட்டின என் கை அப்படியே இருந்தது. அதில் ஒரு காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, "குடிக்கா, ஆறுது" என்றாள்.