என் கம்ப்யூட்டரில் முளைத்த பரங்கிமலை

மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானங்கள் பரங்கிமலையில் மோதாமல் தப்பிப்பதே தினசரி அதிசயம் என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், என்னிடம் ஆதாரம் இருந்தது.

தொண்ணூறுகளில், அடையாறு வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாடுவதுதான் என் பொழுதுபோக்கு. அந்த விளையாட்டில் நம்மூர் விமான நிலையம் இல்லை. விடுவேனா? வரைபடத்தைப் பார்த்து ஓடுபாதை, கட்டடங்கள், பரங்கிமலை எல்லாவற்றையும் நானே உருவாக்கிச் சேர்த்தேன். அதிலிருந்து கிளம்பிய விமானம் ஒவ்வொரு முறையும் மலையில் போய் முட்டியது. நான் செய்ததில் தப்பிருக்கும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் வேலையாக பம்பாய்க்கு என் முதல் விமானப் பயணம் வந்தது. சக்கரம் தரையை விட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்கத்து சீட்டு மயிலாப்பூர் மாமியின் கையைப் பிடித்துவிட்டேன்.

"மாமி, மலை வருது!"

"எந்த மலை?"

"பரங்கிமலை!"

"அதுவா? அது அப்பவே கீழே போயிடுத்தே. கையை விடுங்கோ, வளையல் அழுந்தறது."

கண்ணைத் திறந்தால் ஜன்னலில் வெறும் மேகம். இரண்டு குழந்தைகளுக்கு அப்பனான என்னிடம் மாமி ஒரு புளிப்பு மிட்டாயை நீட்டினார். "சப்பிண்டே இருங்கோ, பம்பாய் வந்துடும்."

ஊர் திரும்பியதும், வாழ்க்கையில் முதன்முறையாக என்னை நானே சந்தேகப்பட்டுச் சரிபார்த்தேன். வரைபடத்தில் மலையின் உயரம் முந்நூறு அடி. கம்ப்யூட்டர் கேட்டதோ மீட்டரில். நான் முந்நூறு என்றே தட்டியிருந்தேன்.