செருப்போடு களத்தில் இறங்கியவன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். தப்பு. என் கோபம் கையில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு சனி, ஞாயிறில் நாங்கள் மூன்று தோழிகள் இரண்டு நாடகம் பார்த்ததைத்தான் எழுதப்போகிறேன். இரண்டிலும் பாட்டு உண்டு. பாட்டைவிட அடி அதிகம்.

ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. செல்போனுக்குப் பாகம் பூட்டும் கம்பெனி ஒன்றில் நாங்கள் மூவரும் ஒரே லைன், ஒரே ஹாஸ்டல் அறை. அங்கே ஆளை ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஒருத்தி நாகலாபுரத்துக்காரி. கூப்பிடு தூரத்தில் சொந்த ஊர் இருப்பதால் எல்லா விஷயத்திலும் அவள் வைத்ததுதான் சட்டம். இன்னொருத்தி குடுபல்லிக்காரி, மாவட்டத்தின் அந்தக் கோடியில் குப்பம் பக்கத்திலிருந்து வந்தவள். மூன்று பேருக்கும் நாடகப் பைத்தியம். லீவு நாளில் சினிமாவுக்குப் போகும் மற்ற பெண்கள் எங்களைக் கிழவிகள் என்பார்கள். போங்கடி உங்க வேலையைப் பார்த்துக்கொண்டு என்று விட்டுவிடுவோம்.

அந்த வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிய குடுபல்லிக்காரிக்குக் காதுக்குக் கீழே கழுத்தெல்லாம் கன்றிப்போயிருந்தது. முதுகைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். பார்த்திருக்கவே வேண்டாம். அடித்தது அவளுடைய மாமன், அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவனுக்குத்தான் அவள் என்று தொட்டிலில் கிடந்தபோதே பேசிவைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். அவளைப் பெற்ற நைனா செத்துப்போன பிறகு அம்மாவும் மகளும் அந்த மாமன் வீட்டில்தான் இருந்தார்கள். கம்பெனி போதும், வந்து தாலி கட்டிக்கொள் என்றான். மாட்டேன் என்றாள். பெல்ட்டை உருவிவிட்டான்.

அம்மா அப்போது வீட்டில் இல்லை. வந்ததும் அவன் சொன்னானாம், "நான் கையே வெக்கல அக்கா. அவளே படில வியுந்துட்டா." அந்த அம்மா அதை நம்பினாள். முதுகைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த மாமனைவிட அம்மா மேல்தான் வயிறு எரிந்தது. பெற்றவளா இவள்!

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இழுத்துக்கொண்டு போகிறேன் என்று அவன் போனில் மிரட்டியிருந்தான். அவளுக்கோ திங்கட்கிழமை காலை ஷிப்டில் நின்றே ஆகவேண்டும். டிரெய்னிங் முடிந்து அன்றைக்குத்தான் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தார்கள். அன்றைக்கு ஆள் இல்லையென்றால் அந்த இடம் இன்னொருத்திக்கு. பிறகு குடுபல்லிதான், பெல்ட்டுதான்.

"ஹாஸ்டல்ல கீறதாலதானே தேடிக்கினு வருவான்? ரெண்டு நாளு இங்க இருக்கவே வாணாம், வாங்கடி" என்றாள் நாகலாபுரத்துக்காரி. சனிக்கிழமை திருப்பதியில் பத்ய நாடகம், ஞாயிறு காலை அவள் ஊரில் கூத்து. திங்கள் காலை நேராக ஷிப்டு. இப்படித்தான் கிளம்பினோம்.

பத்ய நாடகம் என்றால் தெலுங்கில் வசனம் கொஞ்சம், பாட்டு மிச்சமெல்லாம். ஆர்மோனியக்காரர் ஓர் ஓரமாக உட்கார்ந்து சுதியை ஏற்றிக்கொண்டே போவார், வேஷக்காரர் மூச்சு முட்டும்வரை கடைசி எழுத்தை இழுப்பார். பாட்டு பிடித்துவிட்டால் சபையிலிருந்து ‘ஒன்ஸ் மோர்’ என்று கத்துவார்கள். கத்தினால் பாடித்தான் ஆகவேண்டும். அன்றைக்கு ஒரு கெட்ட ராஜா, தொடையில் கதாயுத அடி வாங்கி, விழுந்து, பாடி, செத்தார். சபை விடவில்லை. செத்தவர் எழுந்து, மீசையை ஒதுக்கிவிட்டு, அதே பாட்டைப் பாடி மறுபடி செத்தார். எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் இன்னொரு தடவை ஒன்ஸ் மோர் என்றார். பக்கத்திலிருந்தவர் "சால்லேவய்யா, சாவனீ!" என்றார். போதுமய்யா, சாக விடு என்கிறார். சட்டென்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். பளாரென்று ஓர் அறை விழுந்தது. நாற்காலி ஒன்று சாய்ந்தது. மேடையில் செத்துக்கிடந்த ராஜா தலையைத் தூக்கி எட்டிப்பார்த்தார்.

குடுபல்லிக்காரி அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்தால் கழுத்து வலிக்கிறது என்று கையை வைத்துக்கொண்டே சிரித்தாள். "எங்க மாமனும் இப்டித்தான்டி. அட்ச்சிப் போட்டாலும் ஏந்து வந்து அதே பாட்டப் பாடுவான்."

சந்தோஷம் தலைக்கேறிவிட்டது போலிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் அம்மாவுக்குப் போன் போட்டாள். திருப்பதியில் நாடகம் பார்த்தது, நாளைக் காலை நாகலாபுரம் பக்கம் படுகளம் பார்க்கப்போவது, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"அறிவு கீதாடி உனுக்கு? அந்தம்மா சோறு துன்றது அவன் வூட்ல. சொல்லாத இருப்பாளா?" என்று கத்தினேன்.

"எங்கம்மாடி அது" என்றாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டுக்குப் போய்விட்டேன்.

படுகளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அம்மன் திருவிழாவில் நாள்கணக்காக நடக்கும் கூத்தின் முடிவு அது. கோயிலுக்கு முன்னால் திடலில் அதே கெட்ட ராஜாவை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். வீட்டைவிடப் பெரிய உருவம். தொடையில் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய பானை ஒன்று புதைந்திருக்கும். ராஜா வேஷக்காரர் அந்த மண் உடம்பின் மேல் ஏறி ஓடிக்கொண்டே பாடுவார், கதாயுதம் வைத்திருப்பவர் பாடிக்கொண்டே துரத்துவார். கடைசியில் பானை உடையும். திடலைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்குள்ளே வேஷக்காரர்களும், துடைப்பமும் முறமும் வைத்துக்கொண்டு ஊர்ப் பெண்களும் மட்டும்தான். பானை உடைந்த பிறகு ஜனங்கள் வந்து தலையைக் குனிவார்கள், பெண்கள் முறத்தால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். பீடை போகும் என்று நம்பிக்கை.

ஆனால் பானை உடையும் முன்னே வேறு எவனாவது கயிற்றைத் தாண்டினால் அவன் ராஜா கட்சி. அவனுக்கு விழுவது தட்டு இல்லை, அடி. அடி வாங்குகிறவன் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கவேண்டும், திருப்பிக் கை ஓங்கக்கூடாது. காலில் செருப்பு இருக்கவே கூடாது. அந்த ஊர்ச் சட்டம் அது. காலையிலிருந்து மைக்கில் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நாகலாபுரத்துக்காரி எங்களைக் குளிக்கச் சொல்லி, ஈரத் தலையோடு ஆளுக்கொரு துடைப்பத்தைக் கொடுத்து, கயிற்றுக்குள் பெண்கள் வரிசையில் நிறுத்திவிட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ராஜா வேஷக்காரருக்கு நல்ல கனத்த குரல். மண் மார்பின் மேல் நின்று அவர் இழுத்த இழுப்பில் எனக்கு ‘ஒன்ஸ் மோர்’ தொண்டைவரை வந்துவிட்டது.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்தில் எங்களையே முறைத்துக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்தேன். பக்கத்தில் ஒல்லியாக, வயசான ஒரு பொம்பளை, கையில் மஞ்சப்பை. குடுபல்லிக்காரி என் கையைப் பிடித்தாள். "மாமன்டி. அம்மாவும் கீறா."

அவன் ஊரிலும் படுகளம் உண்டு. ஆனால் அங்கே கயிறு கிடையாதாம். ஆம்பளைகள் நினைத்தபோது உள்ளே இறங்கி, மண்ணில் ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப்போவார்களாம். அந்த நினைப்பில்தான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நேராக வந்தான். சுற்றி வரக்கூட இல்லை. மண் ராஜாவின் வயிற்றின் மேல் செருப்புக்காலோடு ஏறி இறங்கி வந்தான்.

வந்த வேகத்தில் அவளுடைய ஈர முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். அவள் முட்டி போட்டு விழுந்தாள். அப்படியே தரையில் இழுத்துக்கொண்டு போனான். கூட்டத்தில் சிலர் இதுவும் கூத்து என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

யார் முதலில் அடித்தது என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். நான்தான். துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, கட்டு இருக்கும் பக்கத்தால், அவன் காதுக்குக் கீழே, அவளுக்கு எங்கே கன்றியிருந்ததோ அதே இடத்தில் போட்டேன். முடியை விட்டுவிட்டான். "ஏய், நீ யாருடி?" என்று என் மேல் பாய்ந்தான். நடுவில் ஊர்ப் பெரியம்மா ஒருத்தி வந்தாள். அவளைப் பிடித்துத் தள்ளினான்.

"களத்துல செருப்பு! பொம்பளை மேல கை வெச்சிட்டான்!" என்று மைக் அலறியது.

அவ்வளவுதான். வரிசை மொத்தமும் அவன் மேல் விழுந்தது. துடைப்பம் பிய்ந்து ஈர்க்குச்சி பறந்தது. முறத்தின் விளிம்பால் போட்டார்கள். புருவம் கிழிந்தது, வாயில் ரத்தம் வந்தது. "கையக் கூப்புடா! கூப்புடா கைய!" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அவன் கூப்பவில்லை. கூப்பியிருந்தால் விட்டிருப்பார்கள். பறைமேளம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. இன்றைக்கும் இல்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் தம்பிய விடுங்கடி! எனுக்குச் சோறு போட்றவன்டி! பாவிங்களா!" எனக்கு அந்தப் பக்கம் போய் அவளுக்கும் நாலு போடலாம் போலிருந்தது.

குடுபல்லிக்காரி மட்டும் அடிக்கவில்லை. கலைந்த தலையோடு எழுந்து, துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போதும் வுட்ருங்க" என்றாள். பெண்கள் கொஞ்சம் விலகினார்கள். தரையில் கிடந்த அவன் அந்த இடைவெளியில் அவளைப் பார்த்தான். காலைத் தூக்கி அவள் அடிவயிற்றில் உதைத்தான். செருப்புக்காலால். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கத்து அழுகை நின்றுவிட்டது.

அம்மா மஞ்சப்பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். வழியில் நின்ற ஒரு பெண்ணின் கையிலிருந்த முறத்தை வாங்கினாள். தம்பி, அக்கா வந்துவிட்டாள் என்று எழுந்து உட்கார்ந்தான். "பாரு அக்கா, இன்னா பண்ணிக்கினு கீறாளுங்க பாரு" என்றான்.

முறத்தின் அடி நேராக முகத்தில் விழுந்தது.

"கையே வெக்கலன்னு சொன்னியேடா! படில வியுந்தாள்னு சொன்னியேடா எங்கிட்ட!" ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. முறம் உடைந்தது. உடைந்த பாதியால் அடித்தாள். அது போனதும் கையால் அடித்தாள். ஊர்ப் பெண்கள் யாரும் கிட்டே போகவில்லை. அவன் அப்போதுதான் கையைக் கூப்பினான்.

பின்னால் பானை உடைந்தது. "கோவிந்தா!" என்று ஜனங்கள் உள்ளே ஓடிவந்தார்கள், எல்லாம் கலைந்துபோனது. புருவத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அவன் ரோட்டுப் பக்கம் தனியாகப் போனதை மட்டும் பார்த்தேன்.

நாகலாபுரத்துக்காரி வீட்டில் அம்மாவும் மகளும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம். வயிற்றில் வலி குறைந்துவிட்டது என்றாள் மகள். அம்மா அவளைத் திருப்பி உட்காரவைத்து, ரவிக்கையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மறுபடி இறக்கிவிட்டாள்.

"நாளிக்கு எந்த ஷிப்டு?"

"காலையிலம்மா."

"அப்ப நேரத்தோட கெளம்புங்க."

நான் மஞ்சப்பையை எடுத்து அவளிடம் கொடுத்தேன். குப்பத்துக்கு எங்கே பஸ் மாறவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள், நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அந்த வூட்டுக்குத் திரும்ப எப்டிம்மா போவேன்?" என்று என்னைக் கேட்டாள். "உங்க கம்பெனில என்னாட்டம் வயசானவங்கள எடுத்துக்குவாங்களா?"