நாக்கு எழுதிய சீட்டுகள்

உப்பு மூட்டையைப் பிரித்ததும் சுயம்பு அள்ளிவிட மாட்டான். சுண்டுவிரலை எச்சிலில் நனைத்து, ஒரே ஒரு கல்லை ஒட்டி எடுத்து, நுனிநாக்கில் வைத்துக் கண்ணை மூடுவான். கல் கரைந்ததும் இடப்பக்கம் துப்புவான். புது உப்பா, ஏற்கெனவே ஒரு தோலில் கிடந்து உதறிய உப்பா என்று அதற்குள் தெரிந்துவிடும். பழையதைத் தூவினால் தோல் சிவப்புப் பூத்து அழுகும். தாராவித் தோல் கிடங்கில் பத்து வருஷம் அந்த நாக்கை நம்பித்தான் மூட்டைகள் இறங்கின.

1962-இல் மாட்டுங்காவில் ஒரு கல்லூரி ரசாயனக்கூடத்தில் அவனுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. சீசா கழுவ வேண்டும், கரும்பலகை துடைக்க வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் நிரந்தரம். உடம்பில் நாற்றமில்லாமல் வீட்டுக்குப் போகலாம். அவன் கேட்டது அவ்வளவுதான்.

துடைக்குமுன் பலகையைப் பார்த்தபடி நிற்பான். நடுவில் அணுக்கரு, சுற்றிலும் வட்டம் வட்டமாக எலக்ட்ரான்கள். சோடியத்தின் கடைசி வட்டத்தில் ஒன்றே ஒன்று. குளோரினுக்கு ஏழு, எட்டுக்கு ஒன்று குறை. அந்த ஒன்றைக் கொடுத்த சோடியம் நேர்மின் அயனி, வாங்கிய குளோரின் எதிர்மின் அயனி. எதிரெதிர் மின்னூட்டம் இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பத்து வருஷம் தன் கையை அரித்த உப்புக்குள் இத்தனை ஒழுங்கா என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது.

மனைவி ஆறுமுகத்தாயிடம் சொன்னான். அவள் கேட்டாள்:

“ஒண்ணே ஒண்ணக் குடுத்ததுக்கா காலம்பூரா ஒட்டிக்கிட்டுக் கெடக்கு? நீங்க எனக்கு மூக்குத்தி குடுத்திய, அதையும் வாங்கி அடகு வச்சிட்டிய. நம்ம பந்தம் என்னத்துல நிக்கி?”

“ஏளா, அது தனிச்சோடி இல்ல. ஒரு சோடியத்தச் சுத்தி ஆறு குளோரின், ஒரு குளோரினச் சுத்தி ஆறு சோடியம். தாராவி மாதிரி.”

“அப்பம் அங்கயும் இடியும் நெரிசலும்தான்னு சொல்லுங்க.”

செப்டம்பர் மழையில் கூடத்தின் கூரை ஒழுகி நான்கு சீசாக்களின் பெயர்ச்சீட்டுகள் கரைந்துபோயின. மறுநாள் செய்முறைத் தேர்வு. சுடரில் காட்டினால் சோடியம் மஞ்சளாகவும் பொட்டாசியம் ஊதாவாகவும் தெரியும் என்பது சுயம்புவுக்குத் தெரியும். ஆனால் ஊழியர் பர்னர் பற்றவைக்கக் கூடாது என்று விதி. நாக்குக்கு விதி எதுவும் எழுதியிருக்கவில்லை.

நான்காவது சீசாவையும் ருசி பார்த்துக்கொண்டிருந்தபோது பொறுப்பாசிரியர் வேங்கடசுப்ரமணியன் உள்ளே வந்தார்.

“என்னடா கூத்து இது! விஷமா இருந்தா?”

“வெஷமெல்லாம் பூட்டிக் கெடக்கு சார். இது சோடியம் குளோரைடு. இது பொட்டாசியம், கரிச்சிட்டு அடிநாக்குல கசக்கும். ரெண்டுக்கும் கடைசி வட்டத்துல ஒண்ணுதான் சார்...”

“ஓஹோ, நேக்கே பாடம் எடுக்கறியா? லேபரட்டரியா இது, தோல் கிடங்கா? சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போ. நான் டெஸ்ட் பண்ணிக்கறேன். ஒண்ணு தப்பா இருந்தாலும் உனக்கு வேலை கிடையாது.”

பென்சிலால் எழுதி ஒட்டினான். மறுநாள் வாசலிலேயே நிறுத்தினார். “ரெண்டு தப்பு. கிளம்பு.”

“எந்த ரெண்டு சார்?”

கதவு மூடிக்கொண்டது.

கிடங்குக்கே திரும்பினான். கங்காணி கணேசபாண்டியன் மூட்டையைக் காட்டினால், சுயம்பு “நீரே பாத்துக்கிடும்” என்று ஒதுங்கிக்கொள்வான்.

“என்னவே, நாக்கக் கழட்டிக் காலேஜ் சீசாவுல போட்டுட்டு வந்துட்டேராக்கும்?”

சுயம்பு சிரிக்கவில்லை. எந்த இரண்டு என்பதே அவனை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கசப்பா, அல்லது அவன் கசப்பென்று நினைத்ததா? சோற்றில் உப்புக் குறைவென்று சொல்லக்கூட அவனுக்குத் துணிவில்லாமல் போயிற்று.

ஐந்து வருஷம் கழித்துச் சயான் ஸ்டேஷனில் அந்தக் கூடத்துப் பியூன் ஆறுமுகநயினாரைப் பார்த்தான். சுயம்பு கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“அவரு எங்கவே டெஸ்ட் பண்ணாரு? பாட்டுக் கச்சேரிக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டாரு. ஒம்ம பென்சில் எழுத்து மேலயே என்னய மை போடச் சொன்னாரு. மறுநாள் நாப்பது பிள்ளைய அத வச்சுத்தான் பரீட்ச செஞ்சாவ. வெளியூர்லேருந்து வந்த வாத்தியாரு ஒண்ணொண்ணாப் பாத்தாரு. நாலும் சரி.”